நான் யாரைக் கூப்பிட்டேன்?

புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் பின்வாசல் வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பலகை போட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவருக்கு 84 வயதாகிவிட்டது. இனிப் பால்குடம் தூக்கிப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வருடம் தவறாமல் அந்தக் குடத்தை அலமாரியிலிருந்து இறக்கி, தேய்த்துக் கழுவிக் காயவைப்பார். மஞ்சள் துணி கட்டிக் கட்டிக் குடத்தின் கழுத்தில் ஒரு வளையம் படிந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் புளி படாமல் பார்த்துக்கொள்வார்.

அன்று காலையில் ஒரு சமயச் சொற்பொழிவுக்குப் போய்வந்திருந்தோம். பேசியவர் நன்கு படித்தவர். இளம்பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்ற உண்மையான அக்கறை அவர் குரலில் இருந்தது. வேல் என்பது ஞானம் என்றார். அறிவு ஆழமாகவும் அகலமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும் என்பதை வேலின் நீண்ட காம்பும் அகன்ற இலையும் கூரிய நுனியும் காட்டுகின்றன என்றார். மயில், அடக்கப்பட்ட ஆணவம். வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி. தேங்காய் உடைப்பது அகந்தையை உடைப்பது. கற்பூரம் மிச்சமின்றி எரிவதுபோல் நாமும் கரைய வேண்டும். பால்குடம் என்பது தூய்மையான மனம். "எல்லாமே குறியீடு. இதைப் புரிந்துகொண்டால் மூடநம்பிக்கைக்கு இடமில்லை" என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பி மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரில் வரும்போது வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"குடம் என் மனம். வேல் என் அறிவு. மயில் என் ஆணவம். எல்லாம் நானே என்றால், முப்பது வருடமாக நான் யாரைக் கூப்பிட்டேன்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சொற்பொழிவாளர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அந்த விளக்கங்களை நானும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அம்மாவின் கேள்வி என்னைச் சுட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

1998இல் அப்பா இறந்தார். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி எங்களை வளர்த்தவர். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். மருத்துவர் வெளியே வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனதும், அம்மா அந்த நீண்ட நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "உனக்குக் கண் இல்லையா? உனக்குக் கண் இல்லையாடா, முருகா?" என்று கேட்டார். அலறவில்லை. இரண்டடி தள்ளி நிற்பவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

எனக்கு அப்போது ஆசிரியர் வேலையில் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் தோளைப் பிடித்தேன். "அம்மா, முருகன் என்று வெளியே யாரும் இல்லை. நம் மனவலிமைக்கு வைத்த பெயர் அது. வெறும் குறியீடுதான். நீங்கள்தான் திடமாக இருக்க வேண்டும்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். அழுகை நின்றுவிட்டது. பேச்சும் நின்றுவிட்டது. நான் ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்தேன். அதுவரை அந்த நடைக்கூடத்தில் அவருக்குத் துணையாக ஒருவன் இருந்தான், கோபித்துக்கொள்வதற்காவது இருந்தான், அவனை நான் வெளியே அனுப்பிவிட்டேன் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. குறியீட்டிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சாலையோரப் பலகை தவறான வழியைக் காட்டினால், அதை நட்டவர்மேல்தான் கோபம் வருகிறது.

"வெறும்" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் திரும்பப் பெற விரும்புகிறேன். குறியீடு என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

நான் முப்பது ஆண்டுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பித்தவள். உவமையும் உருவகமும் என் தினசரிப் பிழைப்பு. நிலவு போன்ற முகம் என்றால் உவமை. முகநிலவு என்றால் உருவகம். "போல" என்ற உருபை எடுத்துவிட்டுச் சொற்களை முன்பின்னாக மாற்றினால் உவமை உருவகமாகிவிடும் என்று மாணவர்கள் சுலபமாக எழுதிவைத்துக்கொள்வார்கள். தேர்வுக்கு அது போதும். கடவுளைப் பற்றிய பேச்சுக்கு வரும்போது போதவில்லை.

ஒரு நாள் ஐந்தாம் படிவத்தில் கடவுள் வாழ்த்து அதிகாரத்தின் ஏழாவது குறளை நடத்திக்கொண்டிருந்தேன்.

தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால்
மனக்கவலை மாற்றல் அரிது.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், உவமையே இல்லாதவனுக்குக் கால் மட்டும் எப்படி வந்தது?" வகுப்பு சிரித்தது. தாள் சேர்தல் என்றால் சரணடைதல் என்று பொருள் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விட்டேன். என் ஆசிரியர் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான். அந்தப் பெண் இன்று எங்கே இருக்கிறாளோ, அவளுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

வள்ளுவர் கவனக்குறைவாக எழுதுகிறவர் இல்லை. உவமை இல்லாதவன் என்று மறுத்த அடுத்த சீரிலேயே காலைக் கொண்டுவந்து வைக்கிறார். கால் இல்லை என்றால் போய்ச் சேர இடம் இல்லை. கவலையோடு வருகிறவன் எதைப் பற்றிக்கொள்வான்? உவமை இல்லை என்ற மறுப்பு இல்லாவிட்டால், அந்தக் கால் எத்தனை முழம் என்று அளக்க ஆரம்பித்துவிடுவோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் அந்தப் பேச்சு நேர்மையாக நிற்கிறது. மாணிக்கவாசகரின் "அம்மையே அப்பா ஒப்பிலா மணியே" என்ற வரியை இங்கே எந்தக் கோயிலிலும் பிள்ளைகள் பாடக் கேட்கலாம். சின்ன வயதிலிருந்து பாடிய எனக்கே அதில் என்ன நடக்கிறது என்பது பிந்தித்தான் தெரிந்தது. மணி என்பது ஒப்புமை. அந்த மணிக்கு அவர் கொடுத்த அடைமொழி, ஒப்பு இல்லாதது. உருவகத்தையும் அதன் மறுப்பையும் ஒரே தொடருக்குள் கட்டி, அதையே விளியாக்கி அழைக்கிறார்.

நம்மாழ்வார் இன்னும் ஒரு படி போகிறார். ஆண் அல்லன், பெண் அல்லன், உளன் அல்லன், இல்லை அல்லன் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, "கோணை பெரிதுடைத்து எம்பெம்மானைக் கூறுதலே" என்று முடிக்கிறார். நேராகச் சொல்ல முடியாத காரியம் என்கிறார். எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் "எம்" என்ற உரிமை மட்டும் விலகாமல் நிற்பதைப் பாருங்கள். சொல்வது கடினம் என்று சொன்ன அவரே திருவாய்மொழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாசுரங்கள் சொன்னார்.

திருச்சி மலைக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரி வெள்ளத்தால் மகளின் பேறுகாலத்துக்கு வந்து சேர முடியாமல் ஒரு தாய் அக்கரையில் தவிக்க, இக்கரையில் அந்தத் தாயாகவே வந்து அவன் பிரசவம் பார்த்தான் என்பது கதை. தாய் போன்றவர் என்று அந்த ஊர் பெயர் வைக்கவில்லை. தாய் என்று மட்டும் சொல்லியும் நிறுத்தவில்லை. தாய்-உம்-ஆனவர். அந்த "உம்" எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது! தாய்தான், ஆனால் அதோடு தீர்ந்துவிடவில்லை என்று ஒற்றை இடைச்சொல்லால் சொல்லிவிட்டார்கள். இலக்கணப் புத்தகத்தில் எச்ச உம்மை என்று ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம்.

இந்தக் காலத்தில் நம்மவர்கள் பலர் வேறொன்று சொல்கிறார்கள். "கடவுள் என்பது ஒரு சக்தி. உருவம், பெயர் எல்லாம் மனிதன் வைத்தது." படித்தவர் வீட்டுக் கல்யாணத்தில், சாவு வீட்டில், எங்கும் இதைக் கேட்கிறேன். சொல்கிறவர்கள் உருவகத்தை எல்லாம் கழற்றிவிட்டு உண்மையைத் தொட்டுவிட்டதாக நம்புகிறார்கள். சக்தி மட்டும் என்னவாம்? மின்சாரம், எஞ்சின், நீராவி ஆகியவற்றிலிருந்து இரவல் வாங்கிய உருவகம்தானே அது? அம்மா என்று அழைப்பது குழந்தைத்தனம், சக்தி என்று சொல்வது அறிவு என்று யார் தீர்ப்புச் சொன்னார்கள்? கம்பியில் ஓடுகிற ஒன்றைவிட, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் இரவெல்லாம் கை வைத்திருக்கிற ஒருத்தி கடவுளுக்கு நெருக்கமான உருவகம் என்று நான் நினைக்கிறேன். சக்திக்கு நம்மைத் தெரியாது. தாய்க்குத் தெரியும். "பரம்பொருள்" என்ற சொல்லிலும் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. உருவகம் இல்லாத இடத்தில் நின்று கடவுளைப் பற்றிப் பேச ஒருவராலும் முடியாது. எந்த உருவகம் என்பதுதான் கேள்வி.

எல்லா உருவகமும் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த தூரத்து உறவினர் ஒருவர், கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி, "போன வருடம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு எடுக்கவில்லை. முருகன் கணக்குப் பார்த்துவிட்டான்" என்றார். அவருக்குக் குறியீடு என்றால் என்னவென்றே தெரியாது. கடவுள் கணக்கு வைத்திருக்கிறார் என்று நாம் உலக வழக்கில் சொல்வதை அப்படியே பிடித்துக்கொண்டு, வட்டி போட்டு வசூலிக்கும் ஆளாக முருகனை ஆக்கிவிட்டார். உருவகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுப்பைக் கைவிட்டால் வரும் கொடுமை அது. "வெறும் குறியீடு" என்று நான் செய்ததும் கொடுமைதான். இரண்டும் ஒரே விதவையின்மேல் விழுந்தன.

அவருக்குப் பதில் சொன்னது அம்மாதான். பதினாறு நாளாக வாய் திறக்காதவர் அன்று திறந்தார்.

"அவன் கடைக்காரன் இல்லை, அண்ணே."

அவ்வளவுதான் சொன்னார். இந்த நான்கு சொல்லை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன்! ஏட்டுக் கல்வி மூன்றாம் வகுப்போடு நின்றுபோன பெண். முருகனைப் பிள்ளை என்பார், கள்ளன் என்பார், துரை என்பார், "மயிலை நிறுத்திவிட்டு எங்கே போனாய்" என்று கேட்பார். ஆனால் கடைக்காரன் என்ற உருவகத்தை மட்டும் ஏற்க மறுத்தார். எதை வைத்து மறுத்தார்? முருகன் அவருடைய மனவலிமைக்கு வைத்த பெயர் என்றால், எந்த உருவகமும் பொருந்தும், எதுவும் தவறாகாது. நம் கற்பனையைப் பற்றி நாம் என்ன சொன்னாலும் யார் மறுக்கப்போகிறார்கள்? எதிரே ஒருவர் இருந்தால்தான் "நீ சொல்வது அவர் இல்லை" என்று சொல்ல முடியும். நெடுநாள் பழகியவர்களுக்குத்தான் அது தெரியும். உருவகம் தவறாக முடியும் என்பதே, அந்த உருவகத்துக்கு அப்பால் ஒன்று உண்மையாக இருக்கிறது என்று பக்தர்கள் நம்புவதன் அடையாளம். இதை நிரூபணம் என்று நான் சொல்ல வரவில்லை. பக்தியின் மொழி எதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். அந்த மொழியைப் பேசுகிறவரிடம் போய், நீ உண்மையில் வேறொன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று திருத்துவது அறிவு ஆகாது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பள்ளிவாசல் இருக்கும் அந்தத் தெருவிலேயே சீனர்களின் குவான் யின் கோயில், அதற்கும் அப்பால் புனித ஜார்ஜ் தேவாலயம். கடவுளைப் பற்றிய மொழிகள் இங்கே ஒன்றன் வாசலில் ஒன்று கேட்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம். அப்பா இறந்த அன்று முதலில் வந்தவர் அவர்தான். அம்மாவிடம், "எல்லாம் அவன் கையில் இருக்கிறதம்மா" என்றார். சில வருடம் கழித்து நான் அவரிடமே கேட்டேன்: "மாமா, உருவமே கூடாது என்று சொல்கிற உங்கள் மார்க்கத்தில் அவனுக்குக் கை எப்படி?" கோபித்துக்கொள்ளாமல் யோசித்துச் சொன்னார். "கை என்று வேதத்தில் வருகிறது, அதனால் சொல்கிறோம். நம் கை போல இல்லை. எப்படி என்று கேட்கக் கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள்." பிலா கைஃப், எப்படி என்று கேளாமல் ஏற்பது, இஸ்லாமிய இறையியலில் பல நூற்றாண்டு விவாதத்தில் விளைந்த நிலைப்பாடு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மாமா அதைத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கையும் உண்டு, "போல இல்லை" என்பதும் உண்டு. வள்ளுவரின் தாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவத் தோழி கணவரை இழந்தபோது, சங்கீதத்தில் வரும் "கன்மலை" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீரே என் கன்மலை." கல்லை வணங்குகிறவர்கள் என்று எங்களைச் சொல்லும் சபைகளும் உண்டு; அந்தச் சபைகளிலும் இந்தச் சொல்லைப் பாடுகிறார்கள். அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கால் வைக்க உறுதியான இடம் தேடுகிறவர்களுக்குக் கல்லைவிட நல்ல சொல் எந்த மொழியிலும் கிடைக்காது.

அவள் "நீர்" என்கிறாள். மாமா தமிழில் துஆ கேட்கும்போது "நீ" என்கிறார். அம்மா "நீ" என்பதோடு நிற்பதில்லை, கோபம் வந்தால் "டா" போடுவார். மரியாதைதான் மாறுகிறது, மூவரும் பேசுவது முன்னிலையில். அன்றைய சொற்பொழிவில் குறைந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேல் என்பது, மயில் என்பது, குடம் என்பது என்று எல்லாம் படர்க்கையில் இருந்தன. படர்க்கையில் யாரும் பிரார்த்தனை செய்ய முடியாது. எட்டாம் வேற்றுமைக்கு விளி என்று பெயர். முருகன் என்ற எழுவாய் முருகா என்று ஆகும்போது கடைசி எழுத்து போய், அதற்கு முந்தியது நீள்கிறது. தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது குரல் நீள்வது இயற்கை. விளிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: திரும்பிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

பெயர் என்பது வெறும் ஒலி, எதை வைத்தால் என்ன என்று சொல்கிறவர்களுக்கு இந்த நாட்டின் அனுபவம் ஒன்றே போதும். கத்தோலிக்க வார இதழான ஹெரால்ட், தன் மலாய்ப் பக்கங்களில் கடவுளைக் குறிக்க அல்லாஹ் என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கில், 2009இன் கடைசி நாளில் உயர் நீதிமன்றம் அனுமதித்தது, 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. அதே இதழின் தமிழ்ப் பக்கங்களுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை. அந்த ஆண்டுகளின் பதற்றத்தை இங்கே கிளற எனக்கு விருப்பமில்லை. இரு பக்கத்தாரும் அந்தச் சொல்லுக்காக நின்றதற்குக் காரணம், அந்தச் சொல்லால் அழைக்கப்படுகிறவர் உண்மையில் இருக்கிறார் என்று இரு பக்கத்தாரும் நம்பியதுதான் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பால் டில்லிக் என்ற இறையியலாளர், கடவுளைப் பற்றிய பேச்சு குறியீட்டு மொழி என்றே வாதிட்டவர். ஆனால் "வெறும் குறியீடு" என்ற பேச்சை அவர் கடுமையாக மறுத்தார். போக்குவரத்து விளக்கின் சிவப்பு ஓர் அடையாளம், ஊர் கூடி முடிவு செய்தால் நாளைக்கே வேறு நிறமாக்கலாம். குறியீடு அப்படி இல்லை, தான் சுட்டுவதில் தானும் பங்குகொண்டிருக்கிறது என்றார். இதைப் படித்தபோது எனக்குச் சைவ சித்தாந்தத்தின் மூன்று சொற்கள் ஞாபகம் வந்தன: ஒன்றாய், வேறாய், உடனாய். உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவுக்குச் சொன்னவை அவை. அம்மாவின் வாயிலிருந்து வரும் "முருகா" என்ற சொல்லுக்கும் அந்த முருகனுக்கும் உள்ள உறவுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். டில்லிக்கோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. கடைசியில் அவர் கடவுளை இருப்பின் அடித்தளம் என்கிறார். அதுவும் வீடு கட்டுகிறவர்களிடம் வாங்கிய உருவகம்தான். அதில் எனக்குக் குறை இல்லை. நடைக்கூடத்தில் நின்ற என் அம்மா ஓர் அடித்தளத்தைப் பார்த்து உனக்குக் கண் இல்லையா என்று கேட்டிருக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்மாவிடம் பேசினேன். இரவுச் சாப்பாடு முடிந்து, அவர் வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் நான் ஒன்று சொன்னேன். முருகன் என்று வெளியே யாரும் இல்லை என்று. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார். அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன்.

"நீ சொன்னாய். நீ சொன்னதற்காக அவன் போய்விடுவானா?" என்றார்.

பினாங்கில் பூசத்துக்கு இப்போது இரண்டு ரதங்கள். பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோயில் வீட்டிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதம் 1894இல் செய்தது. அதில் முருகனின் திருவுருவம் வரும். 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. அதில் உருவம் இல்லை. முகம் இல்லை, கை இல்லை, மயில்மேல் அமர்ந்த கோலம் இல்லை. வேல் மட்டும் ஏறிப் போகிறது. இரண்டுக்கும் மக்கள் தேங்காய் உடைக்கிறார்கள். சீனர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து உடைக்கிறார்கள். உருவம் உள்ள ரதத்தில் முருகன், உருவம் இல்லாததில் அவனுடைய குறியீடு என்று பிரித்துச் சொன்ன ஒருவரையும் நான் தெருவில் பார்த்ததில்லை. "முருகன் வருகிறான்" என்றுதான் இரண்டுக்கும் சொல்கிறார்கள். உருவமற்றதன் முன் நிற்க நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டுகிறார்கள், பொன் வில்வ இலைகள் மட்டும் தொங்குகின்றன. கதிர்காமத்தில் திரை விலகுவதே இல்லை. அங்கே திரையின் முன் நின்று அழுகிறவர்களிடம் போய் உள்ளே சிலை இல்லை என்று சொன்னால், அது எங்களுக்குத் தெரியாதா என்பார்கள்.

பூசத்துக்கு முதல் நாள் டத்தோ கெராமட் சாலையோரம் ஒரு தண்ணீர் பந்தலின் நிழலில் அம்மாவுக்கு மடக்கு நாற்காலி போட்டோம். மடியில் அந்தப் பித்தளைக் குடம். அதில் பால் ஊற்றி, மஞ்சள் துணி கட்டியிருந்தார். தலைக்குமேல் தூக்க முடியாது, மடியில் வைத்துக்கொள்ளலாமே என்றார். மறுநாள் அதைத் தம்பி மகன் எடுத்துக்கொண்டு 513 படி ஏற வேண்டும் என்று ஏற்பாடு. அவன் ஒத்துக்கொண்டிருந்தான். கழுத்து வளையத்தில் பழைய துணி இருந்த அதே இடத்தில் புதுத் துணி உட்கார்ந்திருந்தது.

வெயில் ஏறிவிட்டது. உருமி மேளம் தூரத்தில் கேட்டது. தெருவில் உடைத்த தேங்காய் ஓடுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டே போனார்கள், இளநீர் வாடை எழுந்தது. ரதம் திருப்பத்தில் தெரிந்ததும் கூட்டம் முன்னால் நகர்ந்தது. தம்பி மகன் எங்களுக்கு முன்னே போய், இரு கையாலும் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலே வேலின் நுனி மட்டும் பளபளத்தது.

அம்மா நாற்காலியிலிருந்து கையை நீட்டி அவன் சட்டையை இழுத்தார்.

"மறைக்குதா பாட்டி? தூக்கிப் பிடிக்கட்டுமா, பார்க்கிறீர்களா?" என்றான் அவன்.

"நான் நிறையப் பார்த்தாயிற்று, ஐயா. நீ கொஞ்சம் தள்ளி நில். அவன் என்னைப் பார்க்கட்டும்."

அவன் தள்ளி நின்றான். தொலைபேசியைக் கீழே இறக்கியிருந்தான். அம்மா குடத்தை மடியில் நேராக நிமிர்த்தி வைத்து, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.